ஆள் வந்தா தண்ணி ஊத்தப் போகணும்

பயிற்சி ஆசிரியையா நான் உள்ள நுழைஞ்ச முதல் நாளே, ஏழாம் வகுப்புப் பிள்ளைங்கதான் எனக்குப் பாடம் நடத்துனாங்க. கரும்பலகையில வட்டம் ஒண்ணு வரைய ஆரம்பிச்சேன். பாதிகூட வரையல, முதல் பெஞ்சுல இருந்த ரெட்டைப் பின்னல் எழுந்து நின்னு, "டீச்சர், வட்டம் அப்புறம்தான். முதல்ல வளையலைக் காட்டி இது என்ன வடிவம்னு கேக்கணும்"னு சொன்னா. பக்கத்துல இருந்தவன், "வளையலுக்கு அப்புறம் தட்டு, தட்டுக்கு அப்புறம் சைக்கிள் சக்கரம்"னான். இன்னொருத்தன், "நாங்க வட்டம்னு சொல்லுவோம். நீங்க வெரி குட் சொல்லிட்டுத்தான் தலைப்பை எழுதணும்"னான். அதுங்க கேலி பண்ணல. புதுசா வந்த வேலைக்காரிக்கு எந்த டப்பாவுல உப்பு, எந்த டப்பாவுல சர்க்கரைன்னு காட்டித் தர்ற மாதிரி, அக்கறையா சொல்லிக்கொடுத்துச்சுங்க.

காரணம் இருக்கு. எங்க பயிற்சிக் கல்லூரிக்குப் பக்கத்துச் சுவருதான் அந்தப் பள்ளிக்கூடம். வருஷா வருஷம் எங்க ஆளுங்க அங்கதான் போய்ப் பாடம் நடத்திப் பழகுவாங்க. கணக்குக்காரங்க எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் எடுப்பாங்க: வட்டத்தின் பாகங்கள். மையம், ஆரம், விட்டம், நாண். வண்ணத் தாள்ல வரையலாம், பார்க்க லட்சணமா இருக்கும், பிள்ளைங்க குறுக்குக் கேள்வி கேக்காது. அதனால அந்த வகுப்பு வட்டத்தை ஒன்பது தடவை படிச்சிருந்துச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆரம் சொல்லும். ஆனா அரையைக் காலால வகுக்கறதுன்னா என்னன்னு கேட்டா, பரக்கப் பரக்க முழிக்கும். பின்னக் கணக்குல கை வெச்சா மாட்டிக்குவோம்னு எந்தப் புண்ணியவானும் அந்தப் பக்கமே போகல.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் மூலவர் எங்க பேராசிரியர். சபாஷ்னு நாங்க பேரு வெச்சிருந்தோம். எதைக் காட்டினாலும் சபாஷ். வட்டம் வரைஞ்ச அந்த வண்ணத் தாள் எத்தனையோ வருஷமா அக்காமாருங்ககிட்ட இருந்து தங்கச்சிமாருங்களுக்குக் கைமாறி வருது. ஓரம் கிழிஞ்சு, ஒட்டு மேல ஒட்டுப் போட்டு, துணி மாதிரி தொங்கிப் போச்சு. அதை ஒவ்வொரு வருஷமும் அவரு புதுசாப் பார்த்து, "சபாஷ்! என்ன புதுமை!"ம்பாரு. குழந்தை மையக் கல்வியைப் பத்தி ஒரு மணி நேரம் மூச்சு விடாம பேசுவாரு, அந்த ஒரு மணி நேரத்துல ஒரு குழந்தையோட பேருகூட அவரு வாயில வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. இது ஏட்டுலயே அழுகின சுரைக்காய்.

என் கதையையும் சொல்லிடறேன். எனக்கு வயசு முப்பத்தாறு. ஜவுளிக்கடையில துணி கிழிச்சுக்கிட்டு இருந்தவ. காலைல கடை திறந்ததுல இருந்து ராத்திரி மூடற வரைக்கும் நிக்கணும். உக்கார ஸ்டூல் கிடையாது, வாடிக்கையாளர் இல்லாதப்பவும் உக்காரக்கூடாது. ரெண்டு காலும் நரம்பு சுருண்டு வீங்கிப் போச்சு. அப்புறம்தான் வீட்டுக்காரரும் மாமியாரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி என்னைப் படிக்க அனுப்பினாங்க. "ஒரே வருஷம். பாஸாகிட்டு வந்துடு. இல்லைன்னா அந்தக் கடைதான் உனக்குக் கதி"ன்னு மாமியார் வாசல்லயே சொல்லிட்டாங்க. கோவத்துல சொல்லல. உள்ளதைச் சொன்னாங்க. பயிற்சியோட கடைசியில வெளியில இருந்து ஒரு தேர்வாளர் வந்து, நான் பாடம் நடத்தறதைப் பார்த்து மார்க் போடுவாரு. அதுல தேறினா நான் டீச்சர். தேறலைன்னா திரும்பவும் துணி.

வகுப்புக்குச் சொந்தக்காரியான கணக்கு டீச்சரை நாங்க மகாராணின்னு சொல்லுவோம். பயிற்சிக்கு ஆள் வந்துட்டா அவங்களுக்கு ரெண்டு மாசம் விடுமுறை மாதிரி. ஆசிரியர் அறையில நாற்காலி மேல மெத்தை, மெத்தை மேல மகாராணி. "நீங்க புதுசு, ஆர்வம் இருக்கும், எல்லாப் பீரியடையும் நீங்களே எடுத்துக்கங்க"ன்னு தாராளமாத் தூக்கிக் குடுத்தாங்க. கொடை வள்ளல்!

ஒரு வாரம் கழிச்சு சபாஷ் என் வகுப்பைப் பார்க்க வந்தாரு. அவரு தலை வராந்தாவுல தெரிஞ்சதும், மகாராணி வாசல்ல வந்து நின்னு, கையைத் தூக்கி மணிக்கட்டை ஒரு சுத்துச் சுத்துனாங்க, குழாயைத் திறக்கற மாதிரி. அவ்வளவுதான். கடைசி ரெண்டு பெஞ்சுல இருந்த ஒன்பது பிள்ளைங்க சத்தமில்லாம எழுந்து, பின் வாசல் வழியா வரிசையாப் போயிடுச்சுங்க. பெஞ்சுக்கு அடியில அவங்கவங்க வாளி தயாரா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. சபாஷ் உக்காந்தாரு, நான் வளையலைக் காட்டினேன், பிள்ளைங்க வட்டம்னாங்க, அவரு சபாஷ்னாரு. முடிஞ்சுது.

அவரு போனப்புறம் மகாராணிகிட்ட கேட்டேன்.

"அதுங்க மக்குங்கம்மா. ஆள் வர்றப்ப உக்கார வெச்சா எதையாவது உளறி மானத்தை வாங்கிடும். தோட்டத்துக்குத் தண்ணி ஊத்த அனுப்பிடுவோம். அதுங்களுக்கும் காத்தாட இருக்கும்."

"ஆள் அடிக்கடி வர்றாங்களே?"

"வாரத்துக்கு நாலு நாள் யாராவது வருவாங்க. பயிற்சிப் பள்ளின்னா சும்மாவா?"

ஜன்னல் வழியாப் பார்த்தேன். அடேங்கப்பா, அப்படி ஒரு தோட்டம்! அரளியும் செம்பருத்தியும் சுவர் உயரத்துக்கு நிக்குது. அந்தத் தோட்டத்துக்குச் சிறந்த தோட்டம்னு கேடயம் வேற வாங்கித் தலைமையாசிரியர் அறையில மாட்டியிருக்காங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ஒன்பது உயிருள்ள பிள்ளைங்களைச் செடிக்குப் பின்னாடி மறைச்சு, அதுக்குப் பரிசும் வாங்கினவங்களை அங்கதான் பார்த்தேன்.

அந்த ஒன்பது பேருல ஒருத்திக்கு மத்தப் பிள்ளைங்க வெச்ச பேரு வாளி. இருக்கறதுலயே பெரிய வாளி அவளுதுதான். ஒல்லிப் பிள்ளை, காதுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு பென்சில். மறுநாள்ல இருந்து வட்டத்தை மூட்டை கட்டி வெச்சுட்டு, பின்னக் கணக்கை எடுத்தேன். முதல் பெஞ்சுங்ககிட்ட, "முக்காலை அரைக்காலால, அதாவது எட்டுல ஒரு பங்கால, எப்படி வகுப்பீங்க?"ன்னு கேட்டேன். "தலைகீழாக்கிப் பெருக்கு!"ன்னு கோரஸா கத்துச்சுங்க. ஏன்னு கேட்டேன். அதையே இன்னும் சத்தமாச் சொல்லுச்சுங்க. ட்யூஷன்ல கத்துக்கிட்ட மந்திரம், அவ்வளவுதான். சுலபமா இருக்கட்டும்னு அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு பலகையில எழுதினேன். அப்ப பின்னாடி இருந்து ஒரு சின்னக் குரல் கேட்டுச்சு.

"டீச்சர், வகுத்தா குறையத்தானே செய்யும்? அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு அரையை விடப் பெருசாச்சே. எப்படி பெருசாகும்?"

வாளிதான். அந்த வருஷம் முழுக்க அந்த அறையில கேட்ட ஒரே நிஜமான கேள்வி அது. இவதான் மக்காம்! அதுக்குப் பதில் பட்டுனு என் வாயில வரல, அதையும் சொல்லிடறேன். வீட்டுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில துணிதான் கை கொடுத்துச்சு. மறுநாள் துண்டுத் துணியும் கத்திரிக்கோலும் எடுத்துக்கிட்டுப் போனேன். அரை மீட்டர் துணி. இதுல கால் மீட்டர் துண்டு எத்தனை வெட்டலாம்? வெட்டினா, ரெண்டு. பெருசானது துணி இல்ல, துண்டோட எண்ணிக்கை. வாளி அந்த ரெண்டு துண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா, பிரிச்சுப் பார்த்தா. "ஓ... எத்தனைன்னு கேக்கறோமா!"ன்னா. அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே.

அதுக்கப்புறம் ஒரு மாசம், ஆள் வராத நாள்ல எல்லாம் பின்னம்தான். ஒன்பது பேரும் தட்டுத் தடுமாறி வந்துட்டாங்க. சபாஷ்கிட்ட போய், "தேர்வுக்கு நான் பின்னத்தை வகுத்தல் எடுக்கறேன் சார்"னேன். மனுஷன் சிரிச்சாரு.

"ஏம்மா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற? எல்லாரும் வட்டம் எடுக்கறாங்க, எல்லாரும் பாஸ் ஆகறாங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"பிள்ளைங்களுக்கு வட்டம் தெரியும் சார். பின்னம் தெரியாது."

"தெரிஞ்ச பாடத்தை நடத்தினாத்தானம்மா பதில் வரும்!"

இந்த ஒரு வரியை அவரு கல்லூரி வாசல்ல கல்லுல செதுக்கி வெக்கலாம்.

தேர்வு நாள் வந்துச்சு. முந்தின நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், "நாளைக்கு யாரு என்ன சைகை காட்டினாலும் எழுந்திரிக்கக் கூடாது"ன்னு. தலையைத் தலையை ஆட்டுச்சுங்க. தேர்வாளர் உள்ள வந்தாரு. நரைச்ச தலை, மெதுவான குரல், பார்க்க சாது. பின்னாடியே சபாஷ். வாசல்ல மகாராணி மணிக்கட்டைச் சுத்துனாங்க. ஒன்பதும் எழுந்துடுச்சுங்க! பழகின காலு, என்ன செய்யும்? வாளியைத் தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"உக்காருங்க!"ன்னு கத்தினேன்.

தேர்வாளர் திடுக்கிட்டுப் போனாரு. "எங்க போறாங்க?"ன்னாரு.

"தோட்டப் பணி சார்"னு சபாஷ் குழைஞ்சாரு. "ஆர்வமுள்ள பிள்ளைங்க."

"யாரும் சொல்லாமலே போறாங்களே! நல்ல ஒழுக்கம். போகட்டும்மா, ஏன் தடுக்கறீங்க?"

"இவங்க என் வகுப்புப் பிள்ளைங்க சார். பாடம் முடிஞ்சதும் போவாங்க."

உக்காந்தாங்க. நான் துணியை எடுத்தேன். முக்கால் மீட்டர். இதுல அரைக்கால் மீட்டர் கைக்குட்டை எத்தனை? முதல் பெஞ்சு "தலைகீழாக்கிப் பெருக்கு"ன்னு ஆரம்பிச்சுது, நான் கையமர்த்தினேன். பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் வந்து வெட்டினான், கோணலா வெட்டினான், திரும்ப அளந்தான். வாளி கரும்பலகைக்கு வந்தா. முதல்ல நாலுன்னு எழுதினா. அழிச்சா. கால் மீட்டருக்கு ரெண்டு அரைக்கால், முக்காலுக்கு மூணு கால், அப்படின்னு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே ஆறுன்னு எழுதினா. நான் வெரி குட்கூடச் சொல்லல, அடுத்த துணியை எடுத்து நீட்டினேன். நேரம் ஓடிப்போச்சு. பாடத்திட்டத்துல எழுதினதுல பாதிகூட முடியல. மதிப்பீட்டுக் கேள்வி, வீட்டுப்பாடம் எதுவும் இல்ல.

தேர்வாளர் எழுந்தாரு. வாளி இன்னும் கரும்பலகைகிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தா. அவளைப் பார்த்து அன்பாத்தான் கேட்டாரு: "பாப்பா, ஆரம்னா என்ன? சொல்லு பார்ப்போம்."

முதல் பெஞ்சு முழுக்கக் கை தூக்கிடுச்சு. வாளி யோசிச்சா.

"தெரியாது சார்."

"இதுகூடத் தெரியாதா? இந்த வகுப்புல வட்டம் நடத்தலையா?"

"நடத்துவாங்க சார். அப்பல்லாம் நாங்க வெளிய இருப்போம். நாங்க மக்கு. ஆள் வந்தா தண்ணி ஊத்தப் போகணும்."

சபாஷ் மேல்துண்டால நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு. இப்ப வெடிக்கும்னு நான் நினைச்சேன். இந்த மனுஷன் இப்ப திரும்பி, என்னய்யா இது அநியாயம்னு கேக்கப் போறாருன்னு நம்பினேன். முப்பத்தாறு வயசுலயும் அப்படி நம்பினேன் பாருங்க, என் புத்தியை எதால அடிக்கிறது!

அவரு வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டாரு.

"பாடம் நல்லாத்தான் நடத்தினீங்கம்மா. பொய் சொல்லல. ஆனா உங்களைப் பாஸ் போட்டா நான் பார்த்ததை எழுதணும். பார்த்ததை எழுதினா இந்தப் பள்ளிக்கூடம், உங்க கல்லூரி, எல்லாருக்கும் தலைவலி. உங்களை ஃபெயில் போட்டா, வகுப்புக் கட்டுப்பாடு போதாதுன்னு ஒரு வரி எழுதினாப் போதும்." கொஞ்சம் நிறுத்தினாரு. "எனக்கும் மனசு கேக்கல. சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றேன். அதே வகுப்பு. வட்டம் எடுங்க. அந்தப் பிள்ளைங்க... அவங்க வேலையைப் பார்க்கட்டும். பாஸ் போட்டுட்டுப் போறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன்! மனசு வேற கேக்கலையாம்!

சாப்பாட்டு நேரம் முழுக்க நான் ஒரு வாய் சோறு இறக்கல. எனக்கென்ன, பத்தே நிமிஷ வேலை. வளையல் கையில இருக்கு, வண்ணத் தாள் அலமாரியில இருக்கு. கால் வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அந்தக் கடையை நினைச்சாலே தெறிக்கும். வீட்டுக்காரர், மாமியார், ஒரு வருஷமா எனக்காகக் கஷ்டப்பட்டதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒன்பது பிள்ளைங்க ஒரு பீரியட் வெளிய நின்னா செத்தா போயிடும்னு எனக்கும் தோணுச்சு. தோணலைன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.

மணி அடிச்சதும் வகுப்புக்குப் போனேன். உள்ள கால் வெக்கறேன், ஒன்பது பேரும் வாளியோட பின் வாசல்ல தயாரா நிக்கறாங்க.

"யாரு போகச் சொன்னது?"

வாளிதான் பதில் சொன்னா. "கல்லூரி சார் வந்தாரு. எங்களாலதான் நீங்க ஃபெயிலாகப் போறீங்கன்னு சொன்னாரு. பரவால்ல டீச்சர், நாங்க போறோம். நீங்க வட்டம் எடுங்க. பாஸாகிடுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். எனக்கு வலை போடறதுக்கு அந்தப் பாவி சபாஷ், பிள்ளைங்க கழுத்துல கயித்தைக் கட்டியிருக்கான். அதுங்களை மக்குன்னு சொன்னது பத்தலைன்னு, பாவத்தையும் அதுங்க தலையிலயே ஏத்தி வெச்சிருக்கான். அதுவரைக்கும் அவரு இவருன்னு சொன்னேன், இனிமே எதுக்கு மரியாதை?

"வாளியைக் கீழ வை"ன்னேன்.

"டீச்சர்..."

"கீழ வைடி! ஃபெயிலானா நான்தானே ஆகப் போறேன், உனக்கென்ன வந்துச்சு? போய் உக்காரு. அளவு டேப்பை எடு."

ஒன்பது வாளியும் டங்கு டங்குன்னு தரையில உக்காந்துச்சு. நான் பின்னத்தையே விட்ட இடத்துல இருந்து எடுத்தேன். பாதியில வாசல்ல நிழல் தெரிஞ்சுது. தேர்வாளர் உள்ள வரல. கடைசி ரெண்டு பெஞ்சையும் ஒரு தடவை பார்த்தாரு, தலையை மெல்ல ஆட்டிக்கிட்டாரு, திரும்பிப் போயிட்டாரு. சபாஷ் மட்டும் நின்னு என்னைப் பார்த்து ரெண்டு தட்டுக் கை தட்டினான். "சபாஷ்மா, சபாஷ்!" நான் தலையைக்கூடத் திருப்பல.

முடிவு அதே வாரம் வந்துடுச்சு. ஃபெயில். வகுப்புக் கட்டுப்பாடு போதாது. வேணும்னா அடுத்த வருஷம் இதே பள்ளிக்கூடத்துல, இதே பிள்ளைங்களை வெச்சே மறுதேர்வுக்கு வரலாம்னு சொன்னாங்க. எங்க செட்டுல வட்டம் எடுத்த அத்தனை பேரும் பாஸ். மாமியார் கேட்டுட்டுக் கையில இருந்த முறத்தைக் கீழ வெச்சாங்க. அப்புறம், "கடைக்காரர்கிட்ட நான் பேசட்டுமா, நீயே பேசறியா?"ன்னாங்க. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

கடைசி நாள் பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கப் போனேன். அதுங்களுக்கு அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சிருந்துச்சு. மகாராணி மெத்தையை விட்டு எழுந்து வந்து, இந்தச் சேதியை மட்டும் சொல்லிட்டுப் போயிருக்காங்க. வாளி வராந்தா வரைக்கும் என் பின்னாடியே வந்தா.

"எங்களாலதானே டீச்சர்?"

"இல்லைடி. அவங்களாலயும் என்னாலயும். உனக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

அவ நம்பல. முகத்துலயே தெரிஞ்சுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னா:

"அடுத்த வருஷம் திரும்பப் பரீட்சைக்கு வருவீங்கல்ல? அன்னிக்கு நாங்க காலையிலயே வெளிய போயிடறோம் டீச்சர். சத்தியமா. நீங்க கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டோம்."

முக்கால் மீட்டர்ல எத்தனை அரைக்கால்னு கேட்டா, இப்ப கண்ணை மூடிக்கிட்டு ஆறுன்னு சொல்லுவா அந்தப் பிள்ளை. அது என்கிட்ட கத்துக்கிட்டது. இந்தச் சத்தியமும் என்கிட்ட கத்துக்கிட்டதுதான்.